பதினோரு கட்டங்கள்

முந்நூறு ரூபாய், மதியம் எலுமிச்சை சாதம் உட்பட.
கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில்
தேவாலயத்துக்குப் பின்னால், வரவேற்புக்கு வாடகை விடும் கூடம்.
போன வாரத்து ஜிகினா இன்னும் மின்விசிறியில்.
டிரம்பெட் பயிலரகு என்றது பதாகை.
'ங்' விட்டுப்போயிருந்தது.

ஒன்பது பேர் வந்திருந்தோம்.
ஆயுதப்படை பேண்டிலிருந்து இரண்டு காவலர்,
ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் பையன்கள் நாலு பேர்,
வாங்கி இரண்டு வருடமாகப் பெட்டியே திறக்காத
ஒரு பல் மருத்துவர்,
காவேரிப்பட்டினம் மாங்கூழ் ஆலையில் கணக்கெழுதும் ஷபானா,
நான்.

எனக்குப் பர்கூர் பக்கம். பகலில் கிரானைட் பட்டறை.
முகூர்த்தத்துக்கும் சாவுக்கும்
முனிவெங்கடப்பனின் ஸ்ரீ மாருதி பேண்டு செட்.
பத்தொன்பது வருடம்.
மேலுதட்டில் பிறைபோல ஒரு தழும்பு;
மீசைக்கடியில் இருப்பதால் மனைவிக்கு மட்டும் தெரியும்.

சொல்லித்தர வந்தவள் தங்கவயல் ரெனிட்டா.
இருபத்தாறு வயது. என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
முதல் ஒரு மணி நேரம் டிரம்பெட்டைத் தொடவே விடவில்லை.
மூச்சு. வெறும் மூச்சு.
பல் மருத்துவர் தலைசுற்றி வெளியே போய் உட்கார்ந்தார்.
பிறகு மவுத்பீஸை மட்டும் ஊதச் சொன்னாள்.
கூடம் முழுக்க எட்டு மாட்டு ஈ.

"அண்ணா, யாரோட சண்டை போடுறீங்க?"
யாரோடு என்று சொல்ல?
இரண்டு டிரம், ஒரு ஜெனரேட்டர்,
ஊர்வலத்தின் முதுகில் ஹாரன் அடிக்கும் ஓசூர் பஸ்.
சாவு வீட்டில் கேட்கவே வேண்டாம்.
ஒரு நொடி நிறுத்தினால்
முனிவெங்கடப்பன் தெலுங்கில் திட்டுவார்,
முற்றினால் கன்னடம்.

சாப்பிட்டு வந்ததும் தாள் கொடுத்தாள்.
எனக்குத் தாள் படிக்க வராது,
காதில் வாங்கி வாயில் விற்பவன்.
ஷபானாதான் பக்கத்தில் இருந்து வரி வரியாகக் காட்டினாள்.
மூன்றாவது வரியில் தடியாய் ஒரு கறுப்புக் கோடு,
அதன் தலையில் 11.
"இதை எப்படிம்மா ஊதுறது?"
"ஊதக் கூடாது. பதினோரு கட்டம் சும்மா இருக்கணும்.
எண்ணிக்கிட்டே."

எண்ணினேன்.
ஒன்று. மடியில் டிரம்பெட், இப்போதுதான் அணைத்த
ஸ்கூட்டர் என்ஜின் மாதிரி வெதுவெதுப்பாக.
இரண்டு, மூன்று. காவலர்கள் அடியில் நடந்தார்கள்.
நாலில் ஒரு பையன் தடுக்கினான்,
இன்னொருவன் அவன் சுரத்தை விழாமல் பிடித்தான்.
ஐந்தில் ஷபானா
மூன்று வால்வும் எழும்பி நிற்க, ஒன்றையும் அழுத்தாமல்,
உதட்டால் மட்டும் ஒரே சுரத்தை நீட்டினாள்.
ஆலையின் ஷிப்டு சங்குக்கு அதே சுரமாம்,
அப்புறம் சொன்னாள்.
ஏழா, எட்டா?
ஜன்னலில் சையத் பாஷா மலை.
தினம் எட்டு மணி நேரம் கல் அறுக்கிறேன்,
அது சும்மா நிற்பதை நான் பார்த்ததில்லை.

ரெனிட்டா புருவம் உயர்த்தினாள். பத்து போல.
விலா விரிய மூச்செடுத்து
பன்னிரண்டில் நுழைந்தேன்.
எனக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள்.
பத்தொன்பது வருடத்தில் யாரும் விட்டதில்லை,
நானும் யாருக்கும்.
வந்த சத்தம் சின்னது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெகதேவியில் ஒரு சாவு.
பாடை தெருமுனை திரும்பும்போது
நடுப்பாட்டில் டிரம்பெட்டை இறக்கினேன்.
டிரம் இரண்டு தட்டுத் தட்டி, தடுமாறி, ஓய்ந்தது.
பூ வாரி எறிந்தவர் கையை நிறுத்தினார்.
செருப்புகள் கேட்டன.
இத்தனை பேர் நடக்கும் சத்தம்
இவ்வளவுதானா, இவ்வளவா.
"ஆளுக்கு நெஞ்சுவலியாப்பா?" என்றார் பின்னால் யாரோ.
பன்னிரண்டில் மெல்ல எடுத்தேன்.

இரவு கூலி பிரிக்கையில்
ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார் முனிவெங்கடப்பன்,
கன்னடத்தில்.
நடந்து வரும்போது கணக்குப் போட்டேன்,
கட்டத்துக்கு நாலரை ரூபாய் சொச்சம்.

வியாழக்கிழமை பர்கூரில் கல்யாணம்.
நாலு கட்டம் வரைக்கும் கட்டுப்படியாகும்.